முதுகுச் சுவர்

ஜுவைரியா இத்தா இருக்கத் தொடங்கிய நாற்பத்தோராம் நாள் காலையில், அவள் வீட்டின் முடுக்குப் பக்கத்துச் சுவரில், கட்டிய நாளிலிருந்து ஜன்னல் என்ற ஒன்றே இருந்திராத இடத்தில், ஒரு ஜன்னல் திறந்திருந்தது. இரண்டு முழ உயரம், நாலு கம்பி, பச்சைப் பெயிண்ட் அடித்த இரட்டைக் கதவு. புதிதாக வைத்ததைப் போல இல்லாமல் முப்பது வருஷத்து மழையையும் உப்புக்காற்றையும் தின்றதைப் போல இருந்த அதன் கொக்கியில் துரு ஏறியிருந்தது, மூன்றாவது கம்பி லேசாக வளைந்திருந்தது. முடுக்குக்கு இந்தப் பக்கம் குடியிருந்த மைமூனா அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தவள் அந்த வளைந்த கம்பியைப் பார்த்ததும் சட்டியோடு அப்படியே நின்றாள். அந்தக் கம்பியை வளைத்தது அவளுடைய குக்கர். மூன்று வருஷத்துக்கு முன்னால் விசில் தெறித்து அதில்தான் அடித்தது.

அவள் உள்ளே திரும்பிப் போய்ப் பார்த்தாள். சமையலறையில் ஜன்னல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. அதில் கரி படிந்திருந்தது, ஆணி இருந்தது, ஆணியில் சல்லடை தொங்கியது. எப்போதும் சுவராகவே இருந்ததைப் போல அது இருந்தது.

மைமூனா லைட்டைப் போட்டுக்கொண்டு உலையை வைத்தாள். நேற்று சாயங்கால அஸருக்கு முன்னால் தான் என்ன நினைத்தோம், நினைத்ததை யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அந்த ஊரில் வீடுகளுக்கு இரண்டு முகம். தெருவைப் பார்த்த வாசல் ஆண்களுக்கு. வீடுகளின் பின்னால், இரண்டு பெண்கள் எதிரெதிரே வந்தால் ஒருத்தி சற்று ஒதுங்க வேண்டிய அகலத்தில், மணல் தரையும் இரண்டு பக்கமும் உயர்ந்த சுவருமாகக் கடல் வரைக்கும் ஓடுகிற முடுக்கு பெண்களுக்கு. அதில் ஆண் காலடி படாது, வீட்டில் மய்யித்து விழுந்தாலும் படாது. பெண்கள் அதன் வழியாகவே உம்மா வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும், கல்யாணத்துக்கும் மவுத்துக்கும் போய் வருவார்கள், யார் வீட்டுப் பின்வாசலிலும் கதவு தட்டாமல் நுழைவார்கள். அதற்கு ஒரே ஒரு தடைதான் உண்டு. வீட்டில் ஆண் இருந்தால், அது புருஷனாகட்டும் விருந்தாளியாகட்டும், அந்த வீட்டுப் பெண் ஒரு ஜோடி ஆண் செருப்பை எடுத்துப் பின்படியில் வைத்துவிடுவாள். படியில் செருப்பைப் பார்த்தவள் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவாள். அந்த ஊர்ப் பெண்கள் எழுத்துக் கூட்டி வாசிக்கும் முன்னே அந்தச் செருப்பை வாசிக்கப் பழகியவர்கள்.

ஜுவைரியாவின் வீட்டிலோ ஆண் கிடையாது. அவள் புருஷன் ஜக்கரியா மவுத்தாகி நாற்பது நாள் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவன் இல்லை, வாப்பாவும் இல்லை. நாலு மாசம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படாமல், வீட்டு வாசலைத் தாண்டாமல் இத்தா இருந்து முடிக்க வேண்டிய பெண் அவள். அந்த வீட்டுப் பின்படியில்தான் முந்தின நாள் மதியம் மைமூனா மூடிய தட்டில் நெத்திலி ஆணத்தோடு போனபோது ஒரு ஜோடி செருப்புக் கிடந்தது. பழுப்புத் தோல், பத்தாம் நம்பர் இருக்கும். ஜக்கரியாவுக்குப் பாதம் சின்னது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் அளவில்தான் அவர் செருப்பு வாங்குவார் என்று ஊரே கேலி பேசிய பாதம். மைமூனா தட்டோடு திரும்பினாள், திரும்புகிற வழியில் பாத்திமுத்து ராத்தா நின்றாள்.

"என்னளா, போன தட்டு போனபடி வருது?"

"ஒண்ணுமில்ல ராத்தா. படியில செருப்புக் கிடந்துச்சு."

"யாரு படியில? அவ படியிலயா? ஆம்பளைச் செருப்பா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேனே."

"ரெண்டு தரம் ஒண்ணுமில்லன்னு சொன்னா அதுல என்னமோ இருக்குளா" என்றாள் பாத்திமுத்து, தட்டின் மூடியைத் திறந்து ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஜன்னல் போன அன்றைக்கு மதியம் சாப்பாட்டுக்கு வந்த மைமூனாவின் புருஷன் தமீம், பகலில் எரிகிற லைட்டைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், "ஜன்னலை அடைச்சாச்சா?" என்றான்.

"புழுதி வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேனா? சரி" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றிக்கொண்டான். பிறகு, விரலைச் சூப்பியபடி, "எதிர்வீட்டுல செருப்பு விஷயம் உண்மையா?" என்று கேட்டான். அவள் அவனிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் காலை அவர்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலும் போயிருந்தது, ஜுவைரியா வீட்டின் தெருப் பக்கத்தில் ஒன்று புதிதாகத் திறந்திருந்தது.

அதற்குப் பிறகு ஜன்னல்கள் தினமும் வந்தன. ஒரு வாரத்தில் பதினொன்று, மூன்று வாரத்தில் நாற்பது. மனதுக்குள் மட்டும் சற்றே சந்தேகப்பட்டவர்களின் வீட்டிலிருந்து குளியலறை வென்டிலேட்டர் மட்டும் வந்தது, பக்கத்துவீட்டில் போய்ச் சொன்னவர்களிடமிருந்து ஜன்னல் வந்தது, கூட்டிச் சொன்னவர்களிடமிருந்து நிலையோடும் கதவோடும் வந்தது. பாத்திமுத்து, அல்லாஹ் மேல் ஆணையாக அந்த வீட்டுக்குள் ஓர் ஆண் தும்மியதைத் தன் காதால் கேட்டதாக ஒரு பெயர்சூட்டு வீட்டில் சொன்ன அன்றைக்கு, அவளுடைய பின்வாசலே போய்விட்டது. முடுக்குக்கு இறங்க வழியில்லாமல் ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக அவள் தெரு வாசல் வழியாக, முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டு, டீக்கடையைத் தாண்டிச் சுற்றி வர வேண்டியிருந்தது. கேட்டவர்களிடம், வாஸ்து சரியில்லையென்று மகன் துபாயிலிருந்து சொல்லி அடைத்ததாகச் சொன்னாள். நமக்கெதற்கு வாஸ்து என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்க வாய் திறந்த ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் ஏதோ ஒரு சுவரின் மேல் திரைச்சீலை தொங்கவிட்டிருந்தாள்.

அந்த ஊரில் எல்லா ஜன்னலுக்கும் ஒரே பச்சைதான் அடிப்பார்கள், ஒரே ஆசாரிக் குடும்பம்தான் செய்து கொடுத்தது. ஆகவே எது யாருடையது என்று அடுத்தவருக்குத் தெரியாது. அவரவர் ஜன்னலை அவரவர் மட்டுமே, ஒரு கீறலிலோ, பிள்ளை பல்லால் கடித்த தடத்திலோ, கழன்ற ஆணியிலோ அடையாளம் கண்டார்கள். கண்டுவிட்டுப் பேசாமல் நடந்தார்கள். ஊரில் பாதி வீடுகளில் பகலில் லைட் எரிந்தது. கண்மாய்ப் பக்கத்து டிரான்ஸ்பார்மர் இரண்டு தடவை வெடித்தது. ஜவுளிக்கடையில் திரைத்துணி தீர்ந்து, சீலைகளைக் கிழித்துத் தைத்தார்கள். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், இங்கே எல்லா வீட்டிலும் ஏன் இவ்வளவு இருட்டு என்று கேட்டதற்கு, எங்கள் ஊரில் அப்படித்தான், கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பதில் சொன்னார்கள்.

ஜமாஅத்தில் பேச்சு எடுத்தபோது இரண்டு கட்சி ஆயிற்று. ஜன்னல் திறப்பதே அவளிடம் தப்பு இருப்பதற்கு அடையாளம் என்றது ஒரு கட்சி. அவளிடம் தப்பு இல்லை என்பதற்குத்தான் அது அடையாளம், இல்லையென்றால் ஏன் நம் ஜன்னல் போக வேண்டும் என்று மற்றக் கட்சியில் ஒருவர் சொல்லி, "நம் ஜன்னல்" என்று சொல்லிவிட்டதை உணர்ந்து இருமினார். கடைசியில் அது கரையானும் உப்புக்காற்றும் செய்கிற வேலை என்று தீர்மானம் எழுதி, சுவரை அடைத்துக் கொடுக்க செல்லையா கொத்தனாரை அனுப்பினார்கள்.

செல்லையா தெருப் பக்கத்தில் சாரம் கட்டி நாலு நாள் செங்கல் வைத்தார். மாலையில் பூசி முடித்த இடம் காலையில் திறந்திருந்தது. ஐந்தாம் நாள் அவர் கரண்டியைக் கழுவிவிட்டு, உள் அறையில் இருக்கும் ஜுவைரியாவுக்குக் கேட்கும்படி வெளியே நின்று சொன்னார்: "தாயி, நாப்பது வருஷமா சுவர் வைக்கேன். செங்கல் நிக்கும், சிமெண்ட் நிக்கும். இது நிக்க மாட்டேங்கு. நான் என்ன செய்ய?"

"நீங்க போங்க ஐயா. உங்க மேல குறையில்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஜன்னல் இருந்தால் பார்க்கத்தான் செய்வார்கள். முதலில் நடந்து போகிற போக்கில் பார்த்தார்கள், பிறகு பார்ப்பதற்காகவே நடந்து போனார்கள். பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: ஜுவைரியா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வெங்காயம் உரித்தாள், ஓதினாள், முழங்காலில் தைலம் தேய்த்தாள், ஒரு பூனைக்குச் சோறு வைத்தாள், சும்மா உட்கார்ந்திருந்தாள். "நாம பார்க்கிறது தெரிஞ்சு நடிக்கிறா" என்றார்கள். அப்படிச் சொன்ன அளவுக்கு ஜன்னல்கள் அகலமாயின. தெருப் பக்கத்து ஜன்னல்கள் வழியாக ஆண்களின் கண் வந்ததும் அவள் கூடத்தை விட்டாள். பிறகு அறையை விட்டாள். பிறகு துப்பட்டியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு, நெல் குதிர் இருந்த மூலையில், இன்னும் ஜன்னல் வராத ஒரே சுவரோடு முதுகை ஒட்டி, ஒரு பாயின் அகலத்தில் தன் இத்தாவை இருந்தாள். ஒவ்வொரு நாளும் மதிய லுஹர் பாங்கு முடிந்ததும் பின்கதவு ஒரு சாண் திறந்து, ஒரு கை வெளியே வந்து, அந்தச் செருப்பைப் படியில் வைத்தது. அஸருக்கு முன் அதே கை அதை எடுத்துக்கொண்டது. இவ்வளவு ஜன்னல் வழியாகப் பார்த்தும் அந்த நேரத்தில் வீட்டுக்குள் அவளைத் தவிர இன்னொருவரை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதும் யாருக்கும் போதவில்லை.

தொண்ணூறாம் நாள் செல்லையா கொத்தனார் தானாகவே வந்து, எதிர்வெயிலில் கண்ணை இடுக்கி அந்த வீட்டின் மேல்பகுதியை வெகுநேரம் பார்த்தார். பிறகு தமீமின் கடைக்குப் போய்ச் சொன்னார். தமீம் மதியம் மைமூனாவிடம் வந்து சொன்னான்.

"உத்தரம் முழுக்க இப்போ அந்தக் குதிர் மூலைச் சுவர் மேலதான் நிக்குதாம். அந்தச் சுவர்ல இன்னும் ஒண்ணு திறந்தா மேல் மட்டப்பா அப்படியே இறங்கிருமாம்."

"வேற எங்கயாவது போயிரச் சொல்லலாமே."

"ஜமாஅத்துல கேட்டாங்க. இன்னும் நாப்பது நாள் இருக்கு, இத்தாவை முறிச்சுட்டு வெளிய வர மாட்டேன், மவுத்தானாலும் அவர் வீட்டுக்குள்ளயே ஆவறேன்னு சொல்லிட்டாளாம்." அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். "ஒரே ஒரு ஜன்னல்தான். யாராவது ஒருத்தர் நினைச்சாப் போதும்."

மைமூனா அவனைப் பார்த்தாள், அவன் தட்டைப் பார்த்தான். அவர்கள் வீட்டில் இன்னும் ஒரே ஒரு ஜன்னல் மிச்சமிருந்தது, படுக்கையறையில்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஆலிம்சா குத்பாப் பிரசங்கத்தில், ஈமான் கொண்டவர்களே சந்தேகமான எண்ணங்களில் அதிகமானவற்றை விட்டு விலகுங்கள் என்று தொடங்கும் வசனத்தை ஓதி, அந்த வசனம் முதலில் நினைப்பைச் சொல்கிறது, அடுத்ததாகத் துருவிப் பார்ப்பதைச் சொல்கிறது, அதற்கடுத்துத்தான் புறம் பேசுவதைச் சொல்கிறது, ஒன்று மற்றதைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறது என்றார். அதன்பின், தன்னுடைய அறைக்கும் வெளிச்சம் போய் ஒரு மாசம் ஆகிறது என்றார். ஒலிபெருக்கியில் முடுக்கு முழுக்க அது கேட்டது.

அன்றிலிருந்து ஊர் நல்லெண்ணத்தில் இறங்கியது, ஊர் இறங்கினால் முழுசாக இறங்கும். அந்தச் செருப்பைத் திருடன் பயத்துக்கு வைக்கிறாள் என்றார்கள். யாருக்கோ தர்மம் கொடுக்க வாங்கி வைத்தது, வாங்க ஆள் வரவில்லை என்றார்கள். ஜக்கரியாவுக்குக் கடைசி நாட்களில் பாதம் வீங்கியிருந்தது, டாக்டர் பெரிய செருப்பு வாங்கச் சொல்லியிருப்பார் என்றார்கள். அந்தக் காரணம் எல்லோருக்கும் பிடித்துப் போய் இரண்டு நாள் ஊர் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் ஒருத்தி, "அப்போ அதை லுஹருக்கு வெச்சு அஸருக்கு எடுப்பானேன்?" என்று கேட்டாள். கேட்ட கணத்தில் ஜுவைரியா வீட்டு உத்தரம் ஒரு தரம் முனகியதை முடுக்கில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். சுண்ணாம்பு ஒரு பிடி உதிர்ந்தது. நல்ல காரணம் தேடுவதும் காரணத்தைத் தேடுவதுதான் என்று மைமூனாவுக்கு அன்றைக்குப் புரிந்தது. புரிந்ததனால் நினைப்பு நின்றுவிடவில்லை. நினைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் கழுவும்போதுதான் அந்தச் செருப்பு அவள் மனசுக்குள் ஒவ்வொரு தையலாகத் தெரிந்தது.

அடுத்த நாள் லுஹர் தொழுதுவிட்டு அவள் முடுக்கில் இறங்கினாள். பொறுத்துக்கோங்க என்று கேட்டுவிட வேண்டும், கேட்டால் மனசு நின்றுவிடும் என்று நினைத்தாள். ஜுவைரியாவின் பின்படியில் செருப்பு இருந்தது. படியில் செருப்பு இருந்தால் உள்ளே போகக்கூடாது என்று அவளுடைய கால் அவளைக் கேட்காமலே நின்றது. திரும்பிப் போனால், உள்ளே ஓர் ஆண் இருக்கிறான் என்று தன் கால்கள் ஒப்புக்கொண்டதாக ஆகும். தாண்டி உள்ளே போனால், இருக்கிறானா என்று பார்க்கப் போனதாக ஆகும். அவள் திரும்பவும் இல்லை, தாண்டவும் இல்லை. தன் வளைந்த கம்பி ஜன்னலுக்குக் கீழே மணலில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஜுவைரியா ராத்தா."

"மைமூனாவா? உள்ள வராம ஏன் வெயில்ல உக்காந்திருக்கே?"

"ராத்தா, இந்த ஜன்னல் என்னோடது. முதல் ஜன்னல்."

உள்ளே வெங்காயம் உரிக்கிற சத்தம் நின்றது. "தெரியும்ளா. உன் வீட்டுத் தாளிப்பு வாசம் அதுலதான் வந்துக்கிட்டிருக்கு."

"பொறுத்துக்கோங்க ராத்தா."

"அதை இத்தா முடிஞ்சு சொல்றேன். இப்போ என் மனசை நானே நம்பல" என்றாள் ஜுவைரியா. மறுபடியும் வெங்காயம் உரிந்தது. பிறகு, பக்கத்தில் வந்து உட்கார்ந்ததைப் போலத் தாழ்ந்த குரலில், "அந்தச் செருப்பு யாருதுன்னு உனக்குச் சொல்லவா?" என்றாள்.

மைமூனாவின் உடம்பு முழுக்கக் காதாக ஆயிற்று. ஆம் என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்குள்ளே உத்தரம், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டதைப் போல, சத்தமில்லாமல் இருந்தது.

"வேணாம் ராத்தா."

"தெரிஞ்சா உனக்கு நிம்மதிளா."

"நிம்மதிதான். நீங்க சொல்ற காரணம் நல்லதா இருந்தா நான் உங்களை விட்டுருவேன். விடறதுக்கு நான் யாரு? உங்களைப் பிடிச்சு வெச்சதே தப்பு." சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சிரைத்தது. "எனக்குத் தெரிய வேணாம்."

பிறகு ஜுவைரியா சிரித்தாள், அல்லது அழுதாள். மைமூனா திரும்பிப் பார்க்காததால் எது என்று தெரியவில்லை. அவள் எழுந்திருக்கலாம் என்று நினைத்தபோது, தான் உட்கார்ந்திருக்கும் வரை அந்த ஜன்னல் வழியாக யாராலும் பார்க்க முடியாது என்பதைக் கண்டாள். அவளுடைய முதுகும் முக்காடும் அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியைச் சரியாக அடைத்திருந்தன. அவள் அந்தி மஃரிபு வரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஒரு மணையை எடுத்துப் போய் அதில் உட்கார்ந்தாள், முழு ஜன்னலும் அடைந்தது. அன்றைக்கு மதியம் தையல்காரி நபீஸா வந்து, நாலு ஜன்னல் தள்ளிப் போய், பிள்ளைப் பல் தடம் இருந்த ஒரு ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். உட்காருவது என்றால், இது என்னுடையது என்று ஊருக்குச் சொல்வது. அதைச் சொல்ல அவளுக்கு ஒரு நாள் பிடித்தது. சிலருக்குப் பத்து நாள் பிடித்தது. ஒருத்தி வந்தாள், இன்னொருத்தி அரிவாள்மணையோடு வந்தாள், கைப்பிள்ளைக்காரி பிள்ளையோடு வந்தாள், ஒரு கல்லூரிப் பெண் பரீட்சைப் புத்தகத்தோடு வந்து ஒரு வென்டிலேட்டருக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறி நின்று படித்தாள். கடைசியாகப் பாத்திமுத்து, தெருவெல்லாம் சுற்றிக்கொண்டு, கல்யாண மண்டபத்து பெஞ்சைத் தூக்கிய இரண்டு மருமகள்களோடு வந்தாள்.

"தள்ளுங்கடி. என்னோடது கதவு. எனக்கு ஆள் பத்தாது, ரெண்டு பேர் கூட உக்காருங்க."

"தும்மின ஆளு எங்க ராத்தா?" என்றாள் நபீஸா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது என் மூக்குதான்டி. தூசி" என்று சொல்லி, பாத்திமுத்து பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

தெருப் பக்கத்தில் ஆண்களுக்கு இன்னும் அதிக நாள் பிடித்தது. தமீம்தான் முதலில் நாற்காலியைக் கொண்டு போட்டான். கடையை அடைத்துவிட்டா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டவர்களிடம், காற்று வாங்குகிறேன் என்றான். பிறகு காற்று வாங்க நிறையப் பேர் வந்தார்கள். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரிசையாக, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஆலிம்சா தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்தார். சாப்பிடப் போகிறவர் தன் முதுகின் அகலத்துக்கு இன்னொரு முதுகைத் தேடி வைத்துவிட்டுப் போனார். இரவில் இருட்டே சுவராக இருந்தது. போன ஜன்னல்கள் யார் வீட்டுக்கும் திரும்பி வரவில்லை, வரும் என்று நினைத்து யாரும் உட்காரவும் இல்லை.

முதுகுச் சுவருக்குள்ளே ஜுவைரியா குதிர் மூலையை விட்டு அறைக்கு வந்தாள், அறையிலிருந்து கூடத்துக்கு வந்தாள். அவள் துப்பட்டியை இறக்கிவிட்டு நடமாடுகிற சத்தம் பெண்களின் பிடரியில் பட்டது. லுஹருக்குப் பின்கதவு திறந்து செருப்பு வைக்கப்பட்டது, அஸருக்கு எடுக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள் எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள். அந்த நேரங்களில் பின்னால், ஜன்னலுக்கு உள்ளே, யாரோ மிக அருகில் நின்று மூச்சு விடுவது போல இருக்கும். அது ஜுவைரியாவின் மூச்சாக இருக்கலாம். பூனையாக இருக்கலாம். இருக்கலாம் என்ற இடத்திலேயே மனசைப் பிடித்து நிறுத்துவது, தலையில் நிறைகுடத்தோடு படி இறங்குவதைப் போல இருந்தது. ஒருநாள் ஒரு புதுப்பெண் தன்னையறியாமல் பாதி திரும்பினாள். பக்கத்தில் இருந்தவள் ஏசவில்லை, அவள் கன்னத்தில் கையை வைத்து முகத்தை மெதுவாக நேராக்கினாள். மைமூனா சில இரவுகளில் படுக்கையறையின் கடைசி ஜன்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

குதிர் மூலைச் சுவர் நின்றது. நூற்றுமுப்பதாம் நாள், சூரியன் தென்னைகளுக்குள் இறங்கும்போது, ஜுவைரியா குளிக்கிற சத்தம் கேட்டது. பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. இத்தா முடிந்ததும் இந்த வீட்டில் இருக்க மாட்டேன், முடுக்கு வழியாகவே போய்விடுவேன், யாரும் துணைக்கு வர வேண்டாம் என்று அவள் காலையிலேயே சொல்லியிருந்தாள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. முடுக்கின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்றார்கள். அந்தப் பக்கம் நின்றவர்கள் எதிர்ச்சுவரைப் பார்த்தும், இந்தப் பக்கம் நின்றவர்கள் தங்கள் சுவரைப் பார்த்தும், நடுவே மணலில் ஒரு வழி விட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

மஃரிபு பாங்கு முடிந்தது. பின்கதவு முழுசாகத் திறந்தது. மணலில் காலடி கேட்டது, ஈரக் கூந்தலின் வாசம் வந்தது. காலடி பாத்திமுத்துவின் பின்னால் ஒரு கணம் தயங்கி, நகர்ந்து, மைமூனாவின் பின்னால் வந்து நின்றது. அவளுடைய தோள்பட்டையில் குளிர்ந்த விரல்கள் நாலு பட்டன.

"பொறுத்துக்கிட்டேன்ளா" என்றாள் ஜுவைரியா. "மனசாரத்தான்."

மைமூனாவின் கண் நிறைந்தது. ஒரு மாசம் உட்கார்ந்த முதுகு லேசாயிற்று. விரல்கள் எடுக்கப்பட்டன, மணல் நெரிந்தது, அவள் போகத் தொடங்கினாள். மனசு லேசான அந்தக் கணத்திலேயே, பொறுத்துக்கொண்ட வார்த்தையின் சூடு காதில் ஆறும் முன்னே, மைமூனாவின் காது தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. அது மெல்லிய காலடிகளைக் கேட்டது. அவற்றுக்குப் பின்னால் இன்னும் ஏதாவது வருகிறதா என்று, கனமான ஏதாவது, அகலமான ஏதாவது மணலில் அழுந்துகிறதா என்று, எண்ணக் காத்திருந்தது. ஒன்று என்றது. இரண்டு என்றது.

அவள் கழுத்து திரும்பத் துடித்தது. அவள் சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு, வாய் விட்டு, அடித்தொண்டையிலிருந்து நபியின் மேல் ஸலவாத்து சொல்லத் தொடங்கினாள். பக்கத்தில் நின்ற நபீஸா, அவளும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தவளைப் போலத் திடுக்கிட்டு, கூடச் சேர்ந்தாள். பாத்திமுத்துவின் கரகரத்த குரல் சேர்ந்தது, புதுப்பெண் சேர்ந்தாள், கைப்பிள்ளைக்காரி சேர்ந்தாள், தெருப் பக்கத்திலிருந்து ஆண்களின் குரலும் வீட்டின் ஓட்டைகள் வழியாக வந்து சேர்ந்தது. முடுக்கு கடல் வரைக்கும் குரலால் நிறைந்து, அதற்குள்ளே எந்தக் காலடியும் தனியாகக் கேட்காமல் போயிற்று. இருட்டி, மணலில் ஈரம் இறங்கி, காற்று எல்லாத் தடத்தையும் கலைத்த பிறகுதான் அவர்கள் ஓதுவதை நிறுத்தினார்கள்.

அன்றைக்கு அந்த முடுக்கு வழியாகப் போனது ஒருவரா இருவரா என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. மைமூனாவின் காதில் மட்டும் அந்த இரண்டு அடிகள் தங்கிவிட்டன. பாத்திரம் கழுவும்போதும், பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், வயசாகித் தொழுகைக்கு நாற்காலி போட்டுக்கொண்ட பிறகும், ஒன்று, இரண்டு என்று அவை அவளிடம் வந்து நிற்கும். மூன்றாவது அடியைக் கேட்க அவள் ஒரு தரமும் காது கொடுக்கவில்லை.